மேல்காற்றில் நாலு நண்பர்கள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நண்பர்களோடு ஸ்காட்லாந்தில் கோல்ஃப் ஆடிய ஒரு நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை, எடின்பரோவிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய நார்த் பெரிக் என்ற கடற்கரை ஊரில், வெஸ்ட் லிங்க்ஸ் மைதானத்தில், நாங்கள் நாலு பேர் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஆடினோம். ஒரு பக்கம் டாக்டர் நண்பரும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியையான எங்கள் அக்காவும். இன்னொரு பக்கம் நானும் ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பியும். அன்றைக்கு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, மணிக்கு 20 மைலுக்குக் குறையாமல் அடித்தது. பதினெட்டாவது குழி வரை யாரும் முந்தவில்லை. கடைசியில் குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்த என் பந்தை, குழியில் போட்டதாகவே வைத்துக்கொள்ளச் சொல்லி அக்கா விட்டுக்கொடுத்துவிட்டதால் ஆட்டம் சமனாக முடிந்தது. அவ்வளவுதான் கதை. இனி கேள்விகளுக்கு வருவோம்.

லிங்க்ஸ் என்றால் கடற்கரை மணலா? மணலில் எப்படிப் புல் வளர்ந்து, அதில் எப்படி விளையாடுகிறார்கள்? எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரியா?
– ஒரு வாசகர், திருச்செந்தூர்

தேரியை நினைத்தது நல்ல தொடக்கம். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற, உழுது பயிர் செய்ய உதவாத மணல் நிலம்தான் லிங்க்ஸ். மேடு என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. தேரி வறண்ட செம்மணல், அங்கே பனையும் முள்ளும்தான். ஸ்காட்லாந்தில் அடிக்கடி மழை பெய்வதால் மணலுக்கு மேலே ஒல்லியான, கம்பி மாதிரி ஒரு புல் தானாகவே வளர்ந்து பாய் விரித்தது போல மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஆடுகள் அதை மேய்ந்து மேய்ந்து கட்டையாக வைத்திருந்தன. மழை பெய்தாலும் தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும், தரை இறுகியே இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் துள்ளி, உருண்டு, எங்கேயோ போய் நிற்கும். மரம் கிடையாது, ஆகவே காற்றுக்குத் தடுப்பும் கிடையாது. இந்த இரண்டையும், அதாவது இறுகின தரையையும் தடுப்பில்லாத காற்றையும், மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் 15 வருடமாக ஆடுகிறேன். உங்கள் டாக்டர் நண்பரின் ஹேண்டிகேப் 8 என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவர் முதல் ஒன்பது குழிகளில் தடுமாறினார், 28 ஹேண்டிகேப் அக்கா சமாளித்தார் என்பது நம்பும்படியாக இல்லையே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நம்புங்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். (புதியவர்களுக்கு: ஹேண்டிகேப் எண் குறையக் குறைய ஆள் தேர்ந்த ஆட்டக்காரர்.) நார்த் பெரிக்கில் ஆட்டம் ஊருக்குள் தொடங்கி மேற்கே போகும், பிறகு திரும்பிக் கிழக்கே ஊரை நோக்கி வரும். மேல்காற்று அடிக்கிற நாளில் போகும்போது காற்று முகத்தில் அறையும், வரும்போது முதுகைத் தள்ளும். டாக்டர் அழகாக, உயரமாக அடிக்கிறவர். மரங்கள் சூழ்ந்த மைதானத்தில் அது பெரிய சொத்து. ஆனால் அடிபட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டேதான் பறக்கிறது. அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்கிப் பிடிக்கிறது. எதிர்காற்றில் பந்தின் மேல் மோதுகிற காற்றின் வேகம் கூடுவதால் தூக்கலும் கூடும், இழுவையும் கூடும். பந்து ஏறிக்கொண்டே போய், ஒரு கணம் அப்படியே நிற்பது போலத் தெரிந்து, பிறகு செங்குத்தாக விழும். அன்றைக்கு அவர் அடித்த அருமையான அடிகளில் நாலைந்து இப்படித்தான் வீணாயின. காற்றை வெல்ல இன்னும் பலமாக அடித்தார். பலமாக அடித்தால் சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து இன்னும் ஏறும், ஆகவே முன்பை விடக் குறைந்த தூரத்திலேயே விழும். இதை அவரிடம் நாலாவது குழியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் எதிரணி அல்லவா, ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் சொன்னேன்.

அக்காவுக்கு உயரமாக அடிக்க வராது. அவர் எந்தத் தூரத்துக்கும் 5 அயர்ன் என்ற இரும்பு மட்டையை எடுத்து, பந்தை வலது காலுக்குப் பக்கமாக வைத்து, கைப்பிடியில் இரண்டு அங்குலம் கீழே பிடித்து, மெதுவாக ஒரு தட்டு தட்டுவார். பந்து ஆள் உயரத்துக்கு மேல் போகாது, விழுந்த பிறகு ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிக் கட்டையாக வெட்டிய புல்தரைக்கு, முப்பது கஜம் முன்னால் இருந்தால் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையைத் தொடவே மாட்டார், உருட்டும் மட்டையான புட்டரை எடுத்துத் தரையோடு உருட்டுவார். ஆட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த மண்ணில் இப்படித்தான் ஆடியிருக்கிறார்கள். இன்றைக்குத் தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் இது ஏதோ குறுக்கு வழி போலத் தெரிகிறது.

கணக்கு வேண்டுமென்றால், ஆடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எதிர்காற்று மணிக்கு 10 மைல் என்றால் தூரத்தில் 10 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும், பின்காற்று என்றால் அதில் பாதியைத்தான் குறைக்க வேண்டும். அன்றைய 20 மைல் காற்றில் 150 கஜம் என்பது 180 கஜமாகிவிட்டது. வழக்கமாக 7 அயர்ன் எடுக்கிற இடத்தில், இன்னும் தூரம் போகிற 4 அயர்ன் வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள மனசு இடம் தராது, அதுதான் சிரமமே தவிர அடியில் ஒன்றும் பெரிய நுட்பம் இல்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. நார்த் பெரிக்குக்குப் பக்கத்து ஊரில்தான் மியூர்ஃபீல்ட் மைதானம் இருக்கிறது. 2002 ஓப்பன் போட்டியின் மூன்றாம் நாள் அங்கே காற்றும் மழையும் சேர்ந்து அடித்தபோது, அந்த ஆண்டின் மாஸ்டர்ஸையும் யு.எஸ். ஓப்பனையும் ஏற்கெனவே வென்றிருந்த டைகர் உட்ஸ் 81 அடித்தார். அடுத்த நாள் அதே மைதானத்தில் அதே மனிதர் 65. இந்த ஆட்டத்தில் அடி குறைந்தால்தான் நல்லது. டாக்டருக்கு இதைச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

எனக்குக் கோல்ஃப் தெரியாது, கதைக்காகத்தான் படித்தேன். அக்காவுக்கு ஒவ்வொரு குழியிலும் ஒரு அடி சலுகை கொடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சலுகை வாங்கி ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா?
– ஒரு வாசகி, ஈரோடு

அதைச் சலுகை என்று நான் எழுதியது தப்பு. ஹேண்டிகேப் என்பது ஒருவர் இதுவரை ஆடிய ஆட்டங்களின் கணக்கிலிருந்து வருகிற எண். 2020-லிருந்து உலகம் முழுவதும் ஒரே முறைதான். எங்கள் நாலு பேருடையது 8, 14, 20, 28. ஜோடியாக ஆடி, ஒவ்வொரு குழியிலும் ஜோடியில் நன்றாக ஆடியவரின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆட்டத்தில், முதலில் ஒவ்வொருவர் எண்ணிலும் 90 சதவீதம் எடுப்பார்கள். அப்போது அது 7, 13, 18, 25 ஆகும். மிகக் குறைந்தவரைச் சுழியமாக வைத்து 7-ஐ எல்லோரிடமும் கழித்தால், அடிக் கணக்கில் குறைத்துக்கொள்ள டாக்டருக்கு ஒன்றும் இல்லை, எனக்கு 6 அடி, தம்பிக்கு 11, அக்காவுக்குச் சரியாக 18. குழிக்கு ஒன்று. இது இல்லாவிட்டால் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நடக்கலாமே தவிர சேர்ந்து ஆட முடியாது. கிரிக்கெட்டில் எனக்கும் ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளருக்கும் நடுவில் ஒரு ஆட்டம் வைக்கவே முடியாது, இங்கே முடிகிறது. எழுபதை நெருங்குகிற அக்காவும் நாற்பது வயது டாக்டரும் கடைசிக் குழி வரை உண்மையாகவே போட்டி போட முடிகிறது என்பதற்காகவே இந்த ஆட்டத்தை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாங்கள் மொத்த அடிகளை எண்ணவில்லை, குழிக்குக் குழி யார் ஜெயித்தது என்றுதான் பார்த்தோம். காற்று நாளில் அதுதான் சரி. ஒரு குழியில் ஒன்பது அடித்தாலும் ஒரு குழிதான் போகும், அடுத்த குழியின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், புதிதாகத் தொடங்கலாம். மொத்தம் எண்ணுகிறவருக்கு அந்த ஒன்பது கடைசி வரை கூடவே வரும். இந்த வேதனையை ஒரு டாக்டர் (எங்கள் டாக்டர் இல்லை) முன்பே யோசித்திருக்கிறார். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்று பெயர், இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் வாலசி என்ற காற்றடிக்கும் லிங்க்ஸில் ஆடியவர். சில மோசமான குழிகளால் ஒருவருடைய நாளே கெட்டுப்போகக் கூடாது என்று புள்ளி முறையை உண்டாக்கினார். ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு பார், அதாவது அந்தக் குழிக்கு வகுத்திருக்கும் அடி எண்ணிக்கை, எடுத்தால் 2 புள்ளி, ஒரு அடி அதிகமானால் 1, அதற்கும் மேலே போனால் சுழியம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்க வேண்டியதுதான். பார்-க்கு ஒன்று குறைத்தால் 3. இந்த முறையில் முதல் போட்டி 1932 மே மாதம் வாலசியில் நடந்தது. நீங்கள் நண்பர்களோடு காற்றில் ஆடப் போகிறீர்கள், எல்லோரும் தனித்தனியாகத்தான் ஆட வேண்டும் என்றால், இந்தப் புள்ளி முறையில் ஆடுங்கள். மொத்த அடி எண்ணாதீர்கள்.

பன்னிரண்டாவது குழியில் தம்பி பந்தைத் துடைத்து வைத்த பிறகு காற்றே அதைத் தள்ளிவிட்டது, திரும்ப எடுத்து வைத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். நகர்ந்த இடத்திலிருந்துதானே ஆட வேண்டும்?
– ஒரு வாசகர், சென்னை

பழைய விதி அது. 2019-லிருந்து, கிரீனில் பந்து கிடந்த இடத்தில் ஒரு முறை அடையாளம் வைத்து எடுத்துத் திரும்ப வைத்த பந்தைக் காற்று தள்ளினால், அபராதம் இல்லாமல் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இன்னும் எடுக்கவே இல்லாத பந்தைக் காற்று தள்ளினால் மட்டும் புதிய இடத்திலிருந்து ஆட வேண்டும், அதற்கும் அபராதம் கிடையாது. ஆகவே காற்று நாளில் கிரீனுக்குப் போனதும் அடையாளம் வைத்து எடுத்து வைத்துவிடுங்கள், நிம்மதி. 2015 ஓப்பனில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பந்து கிரீனில் நிற்கவே மறுத்ததால் சனிக்கிழமை பத்து மணி நேரத்துக்கு மேல் ஆட்டத்தை நிறுத்தினார்கள், போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

கடைசிக் குழியில் அக்கா பந்தை விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டடி தூரமும், அந்தக் காற்றும், கை நடுங்குகிற நேரமும் சேர்ந்தால் நீங்கள் தவறவிட்டிருக்கலாம். ஜெயித்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். அப்படியிருக்க ஏன் விட வேண்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

நீங்கள் சொல்வது சரி, நான் தவறவிட்டிருக்கலாம். பக்கவாட்டுக் காற்றில் நிற்கும்போது கால்சட்டை படபடக்கிறது, புட்டரின் தலை ஆடுகிறது, இரண்டடி அப்போது சின்னத் தூரம் இல்லை. நான் பந்துக்கு முன்னால் குனியும்போதுதான் அக்கா, "போதும் தம்பி, எடுத்துக்கோ" என்றார். டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார், பிறகு தலையாட்டிச் சிரித்தார். விதிப்படி ஒரு தடவை சொல்லிவிட்டால் சொன்னவர் திரும்ப வாங்க முடியாது, நானும் வேண்டாம் என்று மறுக்க முடியாது.

இதற்கு 1969-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ராயல் பிர்க்டேல், அதுவும் லிங்க்ஸ்தான். ரைடர் கோப்பையின் கடைசி நாள், கடைசி ஆட்டம், கடைசிக் குழி. அமெரிக்காவுக்கு ஜாக் நிக்லாஸ், பிரிட்டனுக்கு டோனி ஜாக்லின். இரண்டு அணிகளும் சமம், அவர்கள் இருவரும் சமம். நிக்லாஸ் தன் பந்தைப் போட்டுவிட்டார். ஜாக்லினுக்குக் குழிக்கு இரண்டு மூன்று அடி தூரம் மிச்சம் இருந்தது. அதைத் தவறவிட்டால் கோப்பைப் போட்டியை அமெரிக்கா வெல்லும். நிக்லாஸ் குனிந்து ஜாக்லினுடைய அடையாளத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். மொத்தப் போட்டியும் 16-16 என்று சமனானது. அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உங்களைப் போலத்தான் அவரும் யோசித்தார், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஜெயிக்கத்தான் வந்தோம் என்பது நியாயமான வாதம்.

ஆனாலும் நான் அக்கா பக்கம்தான். விட்டுக்கொடுக்கிறவர் எதிராளியின் மேல் இரக்கப்பட்டு விடுவதில்லை. 'நீ இதைப் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும்' என்று சொல்கிறார். நாலரை மணி நேரம் காற்றில் சேர்ந்து நடந்து, காணாமல் போன பந்தைப் புதருக்குள் ஒருவருக்கொருவர் தேடிக்கொடுத்து, ஒரே பிளாஸ்க்கிலிருந்து நாலு பேரும் காப்பி குடித்த பிறகு, ஒரு ஆள் தவறவிட்டதால் இன்னொரு ஆள் ஜெயித்தான் என்று அந்த நாள் முடிவதை அக்கா விரும்பவில்லை. ரயிலில் திரும்பும்போது இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "நீ பதினஞ்சுல போட்டதைப் பார்த்தேனே, அப்புறம் இதை எதுக்குப் போடச் சொல்லணும்" என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் குழியிலேயே எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். மூன்றாவது நாலாவது குழி வரை எல்லோரும் சின்னப் பந்தையும் போட்டுக் காட்டட்டும், அப்போதுதான் பின்னால் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

பதினைந்தாவது குழியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது உலகப் புகழ் பெற்ற குழி அல்லவா?
– ஒரு வாசகர், பெங்களூரு

ஆமாம், ரெடான். கிரைமியப் போரில் பெயர் பெற்ற ஒரு கோட்டை அரணின் பெயரை வைத்தார்கள். சுமார் 190 கஜம், ஒரே அடியில் கிரீனுக்குப் போக வேண்டிய குழி. கிரீன் நேராக இருக்காது, சாய்வாகக் கிடக்கும், முன்பக்க வலது மூலையிலிருந்து பின்பக்க இடது மூலைக்குச் சரிந்துகொண்டே போகும். இடது பக்கம் பங்கர் என்ற ஆழமான மணல் பள்ளம் காவல் நிற்கும். டீயிலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு மேடு மறைப்பதால் கிரீன் முழுசாகத் தெரியாது. கொடியை நோக்கி அடிக்கவே கூடாது. வலது பக்கம் முன்னாலேயே விழவைத்து, மீதியைச் சரிவிடம் விட்டுவிட வேண்டும். இந்த யோசனை பிடித்துப்போய் உலகம் முழுக்க இதே மாதிரி குழிகளைக் கட்டியிருக்கிறார்கள், அமெரிக்காவில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற மைதானத்தின் நாலாவது குழி அதில் பெயர் பெற்றது.

அன்றைக்கு அங்கே காற்று பின்னாலிருந்து வந்தது. டாக்டர் கொடியைப் பார்த்து உயரமாக அடித்தார், பந்து விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, கிரீனைத் தாண்டி எங்கேயோ போனது. தம்பி நேராகப் பங்கருக்குள், அங்கே பக்கச் சுவர் முழுக்கப் புல்கட்டிகளை அடுக்கி எழுப்பியிருப்பார்கள், வெளியே எடுக்கவே அவன் மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. என் பந்து மேட்டுக்குப் பின்னால் மறைந்தது, என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்து போய்ப் பார்த்தால், சரிவில் தானாக உருண்டு கொடிக்கு ஆறடியில் கிடந்தது. அந்த ஆறடியைப் போட்டேன். அக்கா சொன்னது அதைத்தான். தூரத்தில் பாஸ் ராக் என்ற பாறைத்தீவு, கடற்பறவைகள் உட்கார்ந்து உட்கார்ந்து வெள்ளையாகவே ஆகிவிட்ட பாறை, வெயிலில் மின்னியது. பந்து போனதை விட அதுதான் இப்போது கண்ணுக்குள் நிற்கிறது.

இதெல்லாம் பணக்காரர் ஆட்டம், ஆண்களின் கிளப். அக்கா மாதிரி ஒருவர் எப்படி அதற்குள் நுழைந்தார்?
– ஒரு வாசகி, மதுரை

நம் ஊரைப் பார்த்து நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். ஸ்காட்லாந்தில் கொஞ்சம் வேறு மாதிரி. செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள பழைய மைதானம் ஊருக்குச் சொந்தமான பொது நிலம், அதை நிர்வகிக்க 1974-ல் ஒரு சட்டத்தின் மூலம் அறக்கட்டளை அமைத்தார்கள். அந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் குழந்தையையும் நாயையும் கூட்டிக்கொண்டு அதில் நடப்பார்கள். நான் முதல் முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் மட்டை இல்லாமல் 18 குழிகளையும் நடந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியூர்க்காரருக்கு ஆடும் கட்டணம் அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் சின்ன ஊர்களில் நல்ல லிங்க்ஸ் நிறைய உண்டு, அங்கே பள்ளிப் பிள்ளைகளும் தபால்காரரும் ஆடுவார்கள்.

பெண்கள் விஷயத்தில் உங்கள் கோபம் சரியானது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கான புட்டிங் கிளப் 1867-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதே ஊரின் ஆர் அண்ட் ஏ கிளப் பெண்களை உறுப்பினராக்க 2014-ல்தான் வாக்களித்தது, மியூர்ஃபீல்ட் 2017-ல். இவ்வளவு தாமதத்துக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. அக்கா தன் ஐம்பத்தைந்தாவது வயதில், பொது மைதானம் ஒன்றில், பழைய கடையில் வாங்கிய ஐந்து மட்டைகளோடு தொடங்கியவர். இன்றைக்கும் ஏழுக்கு மேல் அவர் பையில் இருக்காது, 14 மட்டைகள் வரை விதி அனுமதித்தாலும்.

காற்று நாளில் என்ன உடுத்துவது?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

மே மாதமானாலும் கம்பளித் தொப்பி, மெல்லிதாக மூன்று அடுக்கு, மேலே மழைக்கோட்டு. குடை வேண்டாம், அது திரும்பிக்கொண்டுவிடும். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்துவிடும்.

கொடைக்கானலில் மரங்களுக்கு நடுவில் ஆடுகிறேன். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து போகத் திட்டம். இங்கிருந்தே எப்படித் தயாராவது?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

இரண்டே வேலைதான். முதலாவது, அடி முடிந்ததும் கையை இடுப்பு உயரத்தில் நிறுத்தப் பழகுங்கள். மேலே போகவிடாதீர்கள். பந்து தானாகத் தாழ்வாகப் போகும். மரக்கிளைகளுக்குக் கீழே அடித்துப் பழக உங்கள் மைதானம் மிக நல்ல இடம். இரண்டாவது, கிரீனுக்கு வெளியே இருந்து புட்டரால் உருட்டிப் பாருங்கள், உங்கள் ஊர்ப் புல் அடர்த்தியாக இருப்பதால் அங்கே பந்து பாதியில் நின்றுவிடும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், லிங்க்ஸில் அது ஓடும். முடிந்தால் நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள். வருகிற தேதியை இதழ் முகவரிக்கு எழுதுங்கள், நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன், அக்காவையும் கேட்டுப் பார்க்கிறேன்.